தாத்தா உயிரோடு திரும்பியது தப்பா?

வணக்கம். என் மகனுக்கு 17 வயது, தொடக்கக் கல்லூரியில் (ஜூனியர் காலேஜ்) வரலாறு படிக்கிறான். சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த சண்டை வாரக்கணக்காக ஓயவில்லை. ஹிரோஷிமாவில் குண்டு போட்டது கொடூரம், அதை யாரும் நியாயப்படுத்தக் கூடாது என்கிறான். சரி, கொடூரம்தான். ஆனால் என் தாத்தா ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பானியப் படை சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். கூடப் போனவர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்ததால்தான் அவர் திரும்பினார், அதற்கு அப்புறம் பிறந்தவர்தான் என் அப்பா. குண்டு விழாவிட்டால் நீயும் இல்லை, நானும் இல்லை என்றேன். "அதுக்காக அந்தப் பிள்ளைங்க சாகணுமா?" என்று எழுந்து போய்விட்டான். பெரியவர்கள் பட்ட பாடு இவர்களுக்குப் புரிவதே இல்லை. தாத்தா படம் மாட்டியிருக்கும் வீட்டில் இப்படிப் பேசலாமா? என் கணவரோ டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. நடுவில் சம்பந்தமே இல்லாமல், "தொடக்கப்பள்ளி கடைசிப் பரீட்சை பிஎஸ்எல்இக்கு ரோத்தான் பிரம்பால அடிச்சதையும் இப்படித்தான் சரின்னு சொல்வீங்க" என்றான், நல்ல மதிப்பெண் வாங்கினானே அதை மட்டும் சொல்ல மாட்டான், அது போகட்டும். தாத்தா பட்டதை இவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

ஆலோசகர் பதில்:

சகோதரி, நீங்கள் "அது போகட்டும்" என்று தள்ளிய வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு முன் தாத்தா.

அவர் திரும்பி வந்ததற்கு தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். அதற்காகக் குண்டு சரி என்று கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்த வருடக் கடைசிக்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள், அவர்கள் சார்பில் "பரவாயில்லை" என்று சொல்ல, பலனை வாங்கிக்கொண்ட நமக்கு என்ன உரிமை? குண்டுதான் போரை முடித்ததா என்பதிலேயே வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை, அதே வாரம் சோவியத் யூனியனும் ஜப்பான் மீது போர் தொடுத்தது. அப்புறம், தாத்தாவை வதைத்தவர்களும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: பர்மாவிலிருந்த தங்கள் படைக்குச் சரக்கு போக வேண்டும், 415 கிலோமீட்டர் பாதை சீக்கிரம் முடிய வேண்டும். 1943 அக்டோபரில் முடித்தும் விட்டார்கள். நினைத்தது நடந்ததால் எல்லாம் சரி என்றால் அவர்களையும் விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது ரோத்தான். அதைக் குண்டோடு சேர்த்துப் பேசுவது அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடி வாங்கியவனிடம் மதிப்பெண்ணைக் காட்டி வாயடைக்கிறீர்களே, அதைத்தான் அவன் சொல்கிறான். மதிப்பெண்ணும் அவனுடையது, அடி விழுந்த உடம்பும் அவனுடையது. இதில் நான் உங்கள் மகன் பக்கம். உங்களைக் கொடுமைக்காரி என்று சொல்லவில்லை, பிஎஸ்எல்இ வருடம் சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்று எனக்குத் தெரியும், பயத்தில்தான் கை நீண்டிருக்கும். அந்தப் பயத்தை இன்றுவரை அவனிடம் சொன்னீர்களா?

இன்று ராத்திரி அந்த அடியைப் பற்றி அவனிடம் கேளுங்கள். மதிப்பெண்ணையும் தாத்தாவையும் இழுக்காமல், அவன் முடிக்கும்வரை கேளுங்கள். குண்டு விவாதத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், போர் நீண்டிருந்தால் அந்த ரயில் பாதையில் கிடந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்ற கேள்விக்கு அவனும் பதில் சொல்லியாக வேண்டும்.