சாப்பிடாத நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?

"அம்மாவுக்கு இரண்டு இன்சுலின் பேனா. இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று. காய்ச்சலில் எதுவும் சாப்பிடாததால் இரண்டு நாளாக இரண்டையும் நிறுத்திவிட்டேன். இன்று காலை சர்க்கரை 340. சாப்பிடாமலே எப்படி ஏறியது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில், இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேதான் இருக்கும். காய்ச்சலில் இன்னும் கூடுதலாக விடும். அதை அடக்கி வைப்பதுதான் இரவு ஊசியின் வேலை. பேசல் இன்சுலின் என்பார்கள். கிளார்ஜின் என்றால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும். மற்றது போலஸ். அந்த வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் எல்லாம் கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 3 முதல் 5 மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆக, சாப்பிடாத வேளையில் போலஸ் வேண்டாம். பேசலை நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதானால் மருத்துவர் சொல்லட்டும்.

இந்தக் கணக்கு கலவை இன்சுலினுக்குப் பொருந்தாது. 30/70 என்று போட்டிருக்கும், பால் போலக் கலங்கலாக இருக்கும். அதில் இரண்டு வேலையும் ஒரே ஊசியில். ஒன்றை விட்டு ஒன்றைப் போட வழியில்லை. சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், போடாவிட்டால் ஏறும். கலங்கலாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் "இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள், ஊசியே வேண்டாம்" என்று யாராவது வருவார்கள். அவர்களை நம்பி ஊசியை விட்டு, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி தீவிர சிகிச்சையில் படுத்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் வெறுத்துவிட்டது. பொடி விற்பவர்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. மருத்துவர்களான நாங்களும் சீட்டில் "20 யூனிட்" என்று கிறுக்கி அனுப்புகிறோம். எந்த ஊசி எதற்கு என்று சொல்ல 2 நிமிடம் ஒதுக்குவதில்லை. நீங்கள் நிறுத்தியது உங்கள் தவறில்லை, அம்மா.

அப்புறம் ஒன்று. இரண்டு பேனாவும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் இரவு அளவைச் சாப்பாட்டுப் பேனாவில் திருகிப் போட்டுவிட்டால் ஆபத்து. ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, பேனாவில் 'இரவு' என்று பெரிதாக எழுதுங்கள். மூடியில் வேண்டாம், மூடி மாறிவிடும்.