சுரைக்குச் சாயங்காலம், பூசணிக்கு விடியற்காலை

கேள்வி: மாடியில் பந்தல் போட்டுச் சுரை வளர்க்கிறேன். கொடி தளதளவென்று இருக்கிறது. ஆனால் பிஞ்சுகள் விரல் நீளம் வந்ததுமே மஞ்சளாகி வெம்பி விழுகின்றன. மண்புழு உரம், பிண்ணாக்குக் கரைசல் எல்லாம் கொடுத்தாயிற்று. இன்னும் என்ன போடலாம்?

பதில்: எதுவும் போடாதீர்கள். அந்தக் கொடிக்கு ஏற்கெனவே அஜீரணம்! தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும். நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது இன்னும் காயே ஆகவில்லை. சுரையின் பெண் பூ, அடியில் குட்டிக் காயைச் சுமந்துகொண்டேதான் மொட்டு விடும். ஆண் பூவுக்கு வெறும் நீளக் காம்பு. மகரந்தம் வந்து சேராவிட்டால் குட்டிக் காய் சில நாளில் உதிர்ந்துவிடும். உரத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது.

சுரைப் பூ பொழுது சாயும்போது விரியும். அதைத் தேடி வருவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. சுற்றிலும் கான்கிரீட் உள்ள மாடியில் அதை நம்பி உட்கார வேண்டாம். சாயங்காலம் மேலே போய், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிடுங்கள். நடுத்தண்டை விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டினால், அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். அரைகுறையாகத் தடவினால் காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகலாம். அந்த நேரத்தில் பூவின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். நனைந்த மகரந்தம் வீண்.

பீர்க்கும் சாயங்காலப் பூதான். பூசணியும் பாகலும் விடியலில் விரிபவை. வெயில் ஏறினால் பூசணிப் பூ சுருண்டுவிடும். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்குச் சுரையையும் பீர்க்கையும் நான் சிபாரிசு செய்வது அதனால்தான்.

இன்னொன்று: கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும்.

கேள்வி: தொட்டித் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது. என்ன மருந்து அடிப்பது?

பதில்: மருந்து வேண்டாம், இது பூஞ்சை நோய் அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் வேர் அதை எடுத்துத் தராது. சுண்ணாம்புச் சத்துக்கென்று முட்டை ஓடு போட்டாலும், அது மட்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இந்தக் காய்ப்பே முடிந்துவிடும். மண்ணின் மேல் காய்ந்த இலைதழை பரப்பி மூடாக்குப் போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி ஊற்றுங்கள். கறுத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். அடுத்து வருபவை சரியாகும்.

கேள்வி: முருங்கைக்கு 200 லிட்டர் டிரம் வைக்கலாமா?

பதில்: மண்ணை மட்டும் நிரப்பி நனைத்தால் 300 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. தூண், உத்தரம் போகும் இடத்தைப் பொறியாளரிடம் காட்டிக் கேட்ட பிறகு வாங்குங்கள். மண்ணில் பாதிக்குத் தென்னைநார்க் கழிவைக் கலந்தால் கொஞ்சம் எடை குறையும்.