டிகிரி, டெஃபில், அப்புறம் அந்த ஒரு எழுத்து

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: மகள் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்துவிட்டாள், கொரியாவிலோ துபாயிலோ டீச்சர் வேலைக்குப் போகப் பார்க்கிறாள், இணையத்தில் கிடைக்கும் டெஃபில் சான்றிதழ் (ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி) போதுமா?

கொரியாவுக்குப் போதும், துபாய்க்குப் போதாது. கொரியாவின் ஈ-2 என்ற மொழி ஆசிரியர் விசா ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்களில் ஏழு ஆங்கிலம் பேசும் நாட்டுக்காரர்களுக்குத்தான், அதில் நம் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. எந்தப் பாடத்திலும் டிகிரி இருக்கலாம். ஆனால் நம் ஆட்களிடம் கூடுதலாக ஒன்று கேட்பார்கள்: ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியின் கடிதம். அரசுப் பள்ளி வேலை என்றால் டெஃபில் குறைந்தது 100 மணி நேரம்; நான் 120 மணி நேரத்துக்கே போகச் சொல்வேன்.

துபாயில் நல்ல பள்ளிகள் கேட்பது ஆசிரியர் பட்டம். பி.ஏ.-வுக்கு மேல் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சியை முடித்து, சேஸில் (தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றம்) பதிவு செய்து, அவர்களிடம் நன்னடத்தைக் கடிதமும் வாங்கி வைத்துக்கொண்டால் உள்ளூரிலும் வேலை பார்க்கலாம், வெளியிலும் மதிப்பு. முழுநேரமாகப் படித்தால் ஒரே வருஷம். டெஃபிலை ஆசிரியர் பட்டம் என்று விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

சான்றிதழ்கள் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கொரியா அப்போஸ்டில் முத்திரையை (வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு சான்றிதழில் வைக்கும் அத்தாட்சி) ஏற்கும், எமிரேட்ஸ் ஏற்காது, அதற்கு பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையின் அத்தாட்சி, பிறகு எமிரேட்ஸ் தூதரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி நம் பெயர்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தாத்தாக்களின் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார், அதனால் ஒரே வீட்டில் ஒருவர் பிள்ளை, இன்னொருவர் பில்லே. என் தங்கை மகளுக்கு பாஸ்போர்ட்டில் கடைசி எழுத்து 'ஒய்', டிகிரியில் 'ஐ'; அந்த ஓர் எழுத்துக்காகக் காகிதம் முழுவதும் திரும்பி வந்தது, சத்தியப் பிரமாணம் எழுதிச் சரிசெய்வதற்குள் அந்த பருவத்து வேலை கைநழுவிப் போனது. முதலில் பாஸ்போர்ட், டிகிரி, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் விரித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

போலீஸ் சான்றிதழுக்குக் கடைசியாகப் போங்கள், ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் கொரியா எடுத்துக்கொள்ளாது. பள்ளிக் கடிதத்தை மட்டும் டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள், அப்புறம் ஜனவரி வரை ஆபீசில் ஆள் கிடைக்காது.