நன்றி சொல்ல ஒரு பாட்டில் ஒயின்: குடிக்காத தம்பிக்கு என் பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வந்து இறங்கிய புதிதில் வீடு பிடிக்கவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் நீங்கள் அலைந்தபோது, பக்கத்து வீட்டுத் தம்பதி வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து உதவியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொடுத்து நன்றி சொல்ல ஆசை. ஆனால் உங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, கடைக்குள் போனால் சுவர் முழுக்கப் பாட்டில், எதை எடுப்பது, மலிவாக வாங்கினால் மரியாதைக் குறைவா, குடிக்காதவர் வாங்கிக் கொடுத்தால் விநோதமாக நினைப்பார்களா. இதுதானே கேள்வி?

விநோதமாக எதுவும் நினைக்க மாட்டார்கள். நானும் குடிப்பதில்லை, இத்தனை வருடமாக நானே கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்துத்தான் கொடுத்துவருகிறேன். இதில் முக்கால்வாசி வேலை அந்த இரண்டு பேரைத் தெரிந்துகொள்வது, மிச்சத்துக்குக் கடைக்காரர் இருக்கிறார்.

அதனால் முதலில் ஒன்று. அவர்கள் குடிப்பவர்கள்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? வெளிநாடு என்றால் எல்லோரும் குடிப்பார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மத நம்பிக்கை, உடம்பு, சாப்பிடும் மருந்து, கர்ப்பம், இப்படிப் பல காரணங்களுக்காகத் தொடாதவர்கள் நிறையப் பேர் உண்டு. குடியில் சிக்கி மீண்டு வந்தவர்களும் உண்டு, இவர்களை நினைத்துத்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி மீண்டவர். ஒரு பிரிவு உபசாரத்தில் யாரோ அவர் கையில் அழகாகச் சுற்றிய பாட்டிலைக் கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, நாற்காலிக்குக் கீழே தன் காலடியில் வைத்தார், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, போகும்போது எடுக்கவும் இல்லை. கொடுத்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். “நீங்கள் ஒயின் குடிப்பதுண்டா, எந்த மாதிரி பிடிக்கும்?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். பதில் இழுபறியாக வந்தால் ஒயினை விட்டுவிட்டுப் பூச்செடியோ வேறெதுவோ பாருங்கள். அப்புறம், நன்றி சொல்லப் போகிறவர் அரசு அதிகாரியோ ஆசிரியரோ என்றால் பரிசு வாங்க அவர்களுக்கு விதி இருக்கும், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, குடிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. சிவப்பா வெள்ளையா? சிவப்பில் திராட்சைத் தோலோடு ஊறவைப்பதால் ஒரு துவர்ப்பு இறங்கும், பால் சேர்க்காத கடுந்தேநீர் நாக்கைப் பிடிக்கிறதே அது மாதிரி. அந்தத் துவர்ப்பு சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகாது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இருந்தால், துவர்ப்பு குறைந்த சிவப்பான பினோ நுவார் பாதுகாப்பான தேர்வு. எதுவுமே தெரியவில்லை என்றால், ஒயினை மட்டுமே விற்கும் சின்னக் கடைக்குப் போங்கள். யாருக்கு, எதற்காக, எவ்வளவுக்குள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தொகையைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அதைச் சொன்னால்தான் அவர் உருப்படியாக ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுக்க முடியும். குடித்ததில்லை என்பதையும் மறைக்காதீர்கள். நல்ல கடைக்காரருக்கு அதைக் கேட்டால் உற்சாகம்தான் வரும், இந்த ஒயின் எந்த ஊர், யார் செய்தது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்கும்போது பேச உதவும்.

லேபிளைப் பார்த்து மிரள வேண்டாம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் பாட்டில்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும். சாப்லி என்றால் அது ஷார்டனே திராட்சையில் செய்த வெள்ளை, சான்செர் வெள்ளை என்றால் சாவின்யோன் பிளாங்க், போர்தோ சிவப்பு என்றால் பெரும்பாலும் கேபர்னே சாவின்யோனும் மெர்லோவும் கலந்தது. திராட்சையின் பெயரை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா, சிலி பாட்டில்களில் திராட்சையின் பெயரையே போட்டுவிடுவார்கள், அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அவை சுலபம். அர்ஜென்டினாவின் மெந்தோசா வட்டாரத்து மால்பெக் என்ற சிவப்பு, நியூசிலாந்தின் மார்ல்பரோ சாவின்யோன் பிளாங்க், இந்த இரண்டும் அநேகம் பேருக்குப் பழகிய சுவை.

லேபிளில் ‘ரிசர்வ்’ என்று தங்க எழுத்தில் இருந்தால் உயர்ந்த சரக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெயினின் ரியோகாவில் அதற்குச் சட்டம் உண்டு. சிவப்பு ‘ரிசர்வா’ என்றால் குறைந்தது 3 வருடம் வைத்துப் பழசாக்கியிருக்க வேண்டும், அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாயில். ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நடுத்தர விலையில் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் ரியோகா ரிசர்வாவைத்தான் சொல்வேன். தயாரிப்பாளர் தன் காசில் சேமித்து வயதாக்கியதை நீங்கள் வாங்குகிறீர்கள், வாங்கிய அன்றே திறக்கலாம்.

நுரைக்கும் வகையில் கொடுக்க ஆசை என்றால் ஒரு சின்ன எச்சரிக்கை. ‘டிரை’ என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், ஆனால் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருப்பது ‘புரூட்’ என்று போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் இனிப்பு. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்காது, மற்றதில் 17 கிராம் வரை போகும். ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்சின் அந்த வட்டாரத்தில் செய்ததற்கு மட்டுமே உரியது. அந்த விலை கட்டுப்படியாகாது என்றால் ஸ்பெயினின் காவா இருக்கிறது, அதையும் ஷாம்பெயின் போலவே பாட்டிலுக்குள் இரண்டாவது தடவை நொதிக்கவைத்துத்தான் செய்கிறார்கள். மட்டமான ஷாம்பெயினைவிட நல்ல காவா கொடுப்பது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

திருகு மூடி இருந்தால் மலிவு என்று ஒதுக்காதீர்கள். கார்க்கில் சில சமயம் ஒரு வேதிப்பொருள் உண்டாகி, ஒயின் முழுக்க நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், அதைத் தவிர்க்கத்தான் 2000-இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைச் செய்யும் பல தயாரிப்பாளர்கள் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். பழைய வருடம் போட்டிருந்தால் உசத்தி என்பதும் இல்லை, கடையில் இருக்கும் பெரும்பாலான ஒயின் சில வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்தது. அவர்கள் விலங்குப் பொருள் எதையும் தொடாதவர்கள் என்றால் கடையில் சொல்லிவிடுங்கள், ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளையோ மீனிலிருந்து எடுக்கும் பசையோ சேர்ப்பதுண்டு. வாங்கியதை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும்.

விலையைப் பற்றி. அடித்தட்டில் இருப்பதும் வேண்டாம், உங்கள் மாதச் செலவை உலுக்குகிறதும் வேண்டாம். மிக விலை உயர்ந்ததை நீட்டினால் திருப்பிச் செய்யவேண்டுமே என்ற பாரம் அவர்கள் தலையில் ஏறும், உதவி செய்தவர்களுக்கு அந்தத் தர்மசங்கடம் எதற்கு? மிச்சப் பணத்தில் ஒரு நல்ல அட்டை வாங்கி உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். பொதுவாக ‘உதவிக்கு நன்றி’ என்று முடித்துவிடாமல், எந்த நாளில் எங்கே கூட வந்தார்கள், அதனால் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிள்ளையையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கொடுத்ததும் அவர்கள் அங்கேயே திறக்காமல் எடுத்து வைத்தால் மனம் சுணங்க வேண்டாம், அது அவர்களுடைய பாட்டில், அவர்களுக்குத் தோன்றும்போது திறப்பார்கள். திறந்து உங்களுக்கும் ஊற்ற வந்தால், “நான் குடிப்பதில்லை, உங்களுக்காகத் தேடி எடுத்தது, நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குத் தண்ணீர் போதும்” என்று சிரித்த முகமாகச் சொன்னால் முடிந்தது, காரணம் எதுவும் விளக்கத் தேவையில்லை. அவர்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு எனக்கு எழுதுங்கள், கடைக்குப் போகும் முன் இரண்டு மூன்று பெயர் சொல்கிறேன்.