உயிரோட்டமுள்ள விமான நிலையம்

கேள்வி: ஹாங்காங்கின் பழைய காய் டாக் விமான நிலையத்தில் இருந்த உயிரோட்டம், அதற்குப் பதிலாக வந்த நவீன விமான நிலையத்தில் இல்லையே, ஏன்?
– ஒரு வாசகர், பினாங்கு

பதில்: உயிரோட்டமா? உயிர் ஓடிவிடுமோ என்ற பயம்தான் ஐயா அங்கே ஓடிக்கொண்டிருந்தது!

ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு வண்ணம் பூசிய ஒரு குன்று. விமானி நேராக அதை நோக்கியே வரவேண்டும். அருகில் வந்ததும் வலப்பக்கமாக 47 டிகிரி திருப்ப வேண்டும், அதுவும் கையால். கீழே கவ்லூன் நகரத்து மொட்டைமாடிகள், காயப்போட்ட துணிகள். திருப்பி முடித்தால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓடுதளம். 1993 நவம்பரில் ஒரு போயிங் 747 விமானம், ஓடுதளம் தீர்ந்தும் நிற்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டது. நல்லவேளை, 396 பேரும் பிழைத்தார்கள். அதன் வால் மட்டும் மற்ற விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞைக்குக் குறுக்கே நின்றதால், வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அப்புறம் ஓடுதளத்தை ஒட்டி ஓடிய அந்தச் சாக்கடைக் கால்வாய். விமானக் கதவு திறந்ததும் ஊர் வந்துவிட்டது என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். இன்று ஏக்கக் கட்டுரைகளில் அந்த நாற்றத்துக்கு 'மணம்' என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். நீராவி எஞ்சின் கரி கண்ணில் விழுந்ததை இன்பம் என்று எழுதிய திருச்சி அன்பரை இங்கே கிண்டல் செய்தேன், நினைவிருக்கிறதா? இன்னும் கோபமாக இருக்கிறார். இதற்கும் ஒரு அஞ்சலட்டை வரும்.

ஏங்குகிறவர்கள் எல்லாரும் ஜன்னலோர இருக்கைக்காரர்கள். கூரைக்குக் கீழே குடியிருந்தவர்களுக்கு, 1998 ஜூலை 6-ஆம் தேதி காய் டாக் மூடியதும்தான் காது கிடைத்தது.

அதற்காகப் புதியதற்கு நான் வக்கீல் இல்லை. ஒரே இரவில் மூட்டைமுடிச்சோடு செக் லாப் கொக் தீவுக்குக் குடிபோனார்கள். போனதும் சரக்குக் கணினி படுத்துக்கொண்டது. மூடிய காய் டாக்கின் சரக்கு முனையத்தையே மறுபடி திறந்தார்கள். தனிக்குடித்தனம் போன மறுநாளே மாமியார் வீட்டுக்கு மிக்ஸி கேட்டு வந்த கதைதான். இந்த நவீன நிலையங்களில் எனக்குப் பிடிக்காதது வேறு: வாசனைத் திரவியக் கடையைச் சுற்றாமல் விமானத்துக்குப் போக விடமாட்டார்கள். கடைத்தெருவுக்கு ஓடுதளம் இலவச இணைப்பு!

ஏக்கம் தாங்கவில்லையென்றால், காய் டாக் ஓடுதளத்தின் நுனியில் இப்போது சொகுசுக் கப்பல் முனையம் இருக்கிறது. ஒரு கப்பல் டிக்கெட் எடுத்துப் போய் நின்று பாருங்கள். அங்கே காபி என்ன விலை என்று விசாரித்து எழுதினால், பயணிகளின் பர்ஸைக் கரைக்கும் காபிகள் பற்றி நான் வைத்திருக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.