டிவியைக் கம்ப்யூட்டர் மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வீட்டில் சும்மா இருக்கும் 32 அங்குல டிவியை மகள் படிப்பதற்கு மானிட்டராக வைக்கலாமா என்று. தாராளமாக வைக்கலாம், எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும். ஆனால் எழுத்து எப்படித் தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

1920×1080 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட திரை 24 அங்குலமாக இருந்தால் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். 32 அங்குலத்தில் 69தான். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், அதனால் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பழைய டிவி 1366×768 ஆகவும் இருக்கலாம். அதில் நாள் முழுக்கப் படிக்கச் சொல்லாதீர்கள், கண் பாவம்.

மாட்டியதும் விண்டோஸின் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். அப்புறம் டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் இதிலேயே சிவப்பு, நீல எழுத்துகளின் கலங்கல் போய்விடும். மவுஸ் அம்பு தாமதமாக நகர்ந்தால் டிவியில் 'கேம் மோட்' போடுங்கள்.

லோட் ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை) குறையுங்கள், மின்சாரமும் மிச்சமாகும்.