‘இந்தத் திட்டத்தை வைத்து வேலை கிடைக்குமா?’: அட்லாண்டாவில் யூஎக்ஸ் படிக்கும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. கடன் வாங்கி யூஎக்ஸ், அதாவது செயலிகளைப் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் படிப்புக்கு, அனுப்பியிருக்கிறீர்கள். மகளோ, கறுப்பினப் பெண்களுக்கு, முடி அலங்காரம் செய்யும் நல்ல ஸ்டைலிஸ்டைக் கண்டுபிடித்துத் தரும் செயலியை இறுதித் திட்டமாக எடுத்திருக்கிறார். வங்கி, உணவு டெலிவரி என்று எடுத்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பார். இந்தத் தலைப்பில் தோண்டத் தோண்ட விஷயம் இருக்கிறது, தைரியமாகச் செய்யட்டும். இனி வருவது மகளுக்கு, அப்படியே அனுப்பிவிடுங்கள்.

முதலில், கடை எங்கே இருக்கிறது என்பதல்ல சிக்கல். அட்லாண்டாவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க அழகுக்கலைப் பள்ளிகள் நெடுங்காலம் நேரான முடியை வைத்தே பாடம் நடத்தின. எல்லா வகை முடியையும் கையாளும் பயிற்சி வேண்டும் என்று நியூயார்க் சட்டம் போட்டதே 2023-இல்தான். உரிமம் உள்ளவரிடம் போனாலும் ‘இவருக்கு என் முடி தெரியுமா’ என்ற கேள்வி போகாது. முடிக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிபோர்னியா 2019-இல் ‘கிரௌன்’ சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. முடி அங்கே வேலையையும் படிப்பையும் தொடுகிற விஷயம். அழகுச் செலவு என்று நினைத்துத் தொடங்கினால் நேர்காணலில் உங்கள் கேள்விகளே தடுமாறும்.

பலரும் சறுக்கும் இடம் ‘உரிமம் சரிபார்க்கப்பட்டது’ என்ற பச்சை முத்திரை. டெக்சாஸில் பின்னல் போடுபவர்களுக்கு 2015 முதல் உரிமமே தேவையில்லை. நியூயார்க்கில் இயற்கை முடி அலங்காரத்துக்கென்று தனி உரிமம் இருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் ஒரே முத்திரை வைத்தால் திறமையான பின்னல்காரர்கள் பட்டியலின் அடியில் போய்விடுவார்கள். முத்திரைக்குப் பதில், அவர் எந்த வேலைக்கு எந்த மாநிலத்தில் தகுதி பெற்றவர் என்று ஒரு வரி எழுதுங்கள்.

முடி வகையைக் கேட்கும் திரையும் அப்படித்தான். முடி அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கரின் பிரிவை ஒட்டி, இறுகச் சுருண்ட முடியை 4ஏ, 4பி, 4சி என்று கேட்பது வழக்கம். ஆனால் ஒரே தலையில் இரண்டு வகை இருக்கும். தன் எண் என்னவென்று பலருக்கு உறுதியாகத் தெரியாது. எண்ணுக்கு மேலே உண்மையான படங்களை வையுங்கள். நீளத்தை இழுத்துப் பிடித்த நிலையில் கேளுங்கள். 4சி முடி காய்ந்ததும் பாதிக்கும் கீழே சுருங்கலாம். ‘தோள்வரை’ என்ற சொல்லை ஸ்டைலிஸ்டும் வாடிக்கையாளரும் வேறுவேறாகப் புரிந்துகொண்டால் விலையில் தகராறு வரும்.

விலை அட்டையில் எண் மட்டும் போதாது. பாக்ஸ் பிரெய்ட்ஸ் (தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடும் பின்னல்) போட 4 முதல் 8 மணி நேரம் ஆகலாம். பின்னலின் பருமனும் நீளமும் மாறினால் விலை மாறும். சேர்க்கும் முடி விலைக்குள் அடங்குமா, தலையை அலசிக் காயவைத்துக்கொண்டு வர வேண்டுமா, முன்பணம் திரும்புமா, எத்தனை நிமிடம் தாமதமானால் கூடுதல் கட்டணம் என்பதெல்லாம் பதிவுக்கு முன்பே தெரிய வேண்டும். சோ-இன்னில் (வேறு முடியைத் தைத்துச் சேர்க்கும் முறை) மனித முடியின் விலை கூலியையே தாண்டிவிடலாம். 

உங்கள் திட்டத்தின் உயிர்நாடி மதிப்புரைதான். வழக்கமான செயலிகள் வேலை முடிந்த அன்றே நட்சத்திரம் கேட்கின்றன. அன்றைக்கு எல்லாப் பின்னலும் அழகாகத்தான் இருக்கும். இறுக்கிப் போட்டதால் நெற்றியோர முடி உதிர்வது பிறகுதான் தெரியும். அது தொடர்ந்தால் டிராக்‌ஷன் அலோபீசியா (முடியை இழுப்பதால் வரும் உதிர்வு) வந்து முடி நிரந்தரமாகப் போகவும் கூடும். சூட்டால் முடியை நேராக்கும் சில்க் பிரஸ்ஸும் அப்படியே: சூடு அதிகமாகிவிட்டதா என்பது அடுத்த முறை அலசும்போதுதான் தெரியும், ஆகியிருந்தால் சுருள் திரும்பாது. அதனால் வேலைக்கேற்ற நாளில் மறுபடி கேளுங்கள். பிரெய்ட்ஸுக்கு அன்றே ஒருமுறை, இரண்டு வாரத்தில் ஒருமுறை, அவிழ்த்த பிறகு ஒருமுறை. சில்க் பிரஸ்ஸுக்கு அடுத்த அலசலுக்குப் பின். ‘வலித்ததா, ஓரமுடி எப்படி இருக்கிறது’ என்ற இரண்டு கேள்வி ஐந்து நட்சத்திரத்தைவிட அதிகம் சொல்லும். இந்த ஒரு முடிவையும் அதன் காரணத்தையும் தெளிவாக எழுதினால், வேலைக்குக் காட்டும் போர்ட்ஃபோலியோ தனியே தெரியும்.

ஆய்வுக்கு 8 முதல் 10 பெண்களும் 4 அல்லது 5 ஸ்டைலிஸ்டுகளும் போதும். அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அந்த அறிவு அவர்களுடையது. வெள்ளி, சனியில் ஸ்டைலிஸ்டுகளைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்களுக்கு அன்றுதான் வருமானம். ‘இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா’ என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். ‘கடைசியாக ஊர் மாறியபோது எப்படித் தேடினீர்கள், போனில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். திரைகளைச் சோதிக்கும்போது ஒரு சுற்றுக்கு 5 பேர், குறைந்தது இரண்டு சுற்று. முதல் சுற்றில் தவறிய திரையை அழிக்காமல் வைத்திருங்கள், தேர்வுக்குழு கேட்கும்.

ஸ்டைலிஸ்ட் பிடித்துப்போனால் இருவரும் அடுத்த முறை போனிலேயே பேசிக்கொள்வார்கள், செயலி பக்கம் வர மாட்டார்கள். அதைத் தோல்வி என்று கணக்கிடாதீர்கள். முதல் சந்திப்பு நன்றாக அமைந்ததா என்பதை அளவுகோலாக வையுங்கள்.

மறுபடி அம்மாவுக்கு: எஃப்-1 மாணவர் விசாவில், படித்த துறையில் வேலை செய்யத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம். பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையாக இருந்தால் மேலும் 24 மாதம் கேட்கலாம். அது, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் வகையைச் சொல்லும் சிஐபி குறியீட்டைப் பொறுத்தது. யூஎக்ஸ் பட்டங்கள் எல்லாம் ஸ்டெம் அல்ல. முதல் 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. தலைப்பைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, இந்த வாரமே அந்தக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.